மொறிஸ் மைனர் காருக்கு மினி காரின் ஒயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டு) பொருந்துமா? இரண்டும் ஒரே ஏ-சீரிஸ் எஞ்சின்தானே?

"ஒரே எஞ்சின்தானே" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நீங்கள் அனேகமாக வெளிநாட்டிலிருந்து வந்து அப்பாவின் காரை ஓடவைக்கப் பார்க்கிறீர்கள். ஒழுங்கைக் கல்லில் அடித்துச் சம்ப் நசிந்து, ஒயிலும் ஒழுகும்போல. மினியின் சம்பைப் போடவே முடியாது. மினியில் அந்த இடத்தில் கியர்பொக்ஸ் இருக்கிறது. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஒயில். மைனரில் அது வெறும் தகரத் தட்டு. 803, 948, 1098 சிசி எல்லாம் ஒரு குடும்பம் என்பது சரி. ஆனால் சம்பின் உருவத்தைத் தீர்மானிப்பது மேலே உள்ள புளொக் மட்டுமில்லை, கீழே உள்ள குறுக்குச் சட்டமும் ஸ்ரியரிங்கும்தான். சம்பின் ஆழத்துக்கு ஏற்ப உள்ளே ஒயில் உறிஞ்சும் வலையும், ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கும் மாறும். சம்பை மட்டும் மாற்றினால் டிப்ஸ்ரிக் பொய் சொல்லும்.

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பெற்றோல் தடை இருந்தபோது, சித்தப்பா மைனரை வாடகைக்கு ஓடினார். காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கால் இறங்கி ஒயிலோடு கலக்கும். ஓட ஓட ஒயில் குறையாமல் கூடும்! அப்படி ஓடும்போதுதான் கொடிகாமப் பக்கம் ஒரு கல் சம்பின் அடியை மேலே தள்ளியது. சொட்டு ஒழுக்கில்லை, ஆனால் ஒயில் லைற் அணையவில்லை. தகரம் வலையில் முட்டி, உறிஞ்ச வழியில்லை. உதிரிப்பாகங்களுக்கும் தடை. சித்தப்பா சம்பைக் கழற்றி வேப்பங்குற்றியில் வைத்து, உள்ளிருந்து மரச்சுத்தியலால் தட்டி எடுத்தார். போல்ற்றை இறுக்கி இறுக்கி ஓட்டைகளைச் சுற்றித் தகரம் எழும்பியிருந்தது. அவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டையாக்கினார். அதைச் செய்யாமல் எந்தக் கஸ்கற் (இடையில் வைக்கும் அடைப்பு) போட்டாலும் ஒழுகும். முன்னும் பின்னும் பெயரிங் மூடியில் வரும் தக்கைப் பட்டிகளைத் தானே செதுக்கினார். அந்தச் சம்ப் இன்னும் எங்கள் காரில்தான்.

இங்கிலாந்திலிருந்து புதிதாக எடுக்கலாமே என்று ஒருவர் கட்டாயம் வருவார். காசிருந்தால் எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையது தேடினால் வலையையும் டிப்ஸ்ரிக்கையும் சேர்த்தே வாங்குங்கள்.

இன்னொன்று. கார் ஓடத் தொடங்கினால் கலியாணத்துக்குக் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். போன தையில் ஒரு கமராக்காரர் மாப்பிள்ளையைப் பொனற்றில் ஏற்றி இருத்திவிட்டார். மட்காட்டில் சப்பாத்துக் குதியின் பள்ளம்! கேட்டால், "பழைய கார்தானே அண்ணை" என்கிறார். வாடகையிலும் கழிக்கப் பார்த்தார்கள்.

அது கிடக்கட்டும். உங்கள் ஒழுக்கு சம்பிலிருந்துதானா என்று முதலில் படுத்துப் பாருங்கள். மைனரின் எஞ்சினில் கிராங்க் என்ற சுழல்தண்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. சுருளாக வெட்டிய பள்ளம்தான் ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும். கியர்பொக்ஸ் பக்கம் சொட்டினால், சம்பை மாற்றினாலும் சொட்டும்.