கேளுங்க, சொல்றோம்

கேள்வி: ரஷ்யாவுல ஒரு ஊரையே காப்பாத்தின தளபதியை கடைசில அவங்க ஆளுங்களே தலையை வெட்டிட்டாங்கன்னு என் பையன் சொல்றான், நெஜமா? – பெரம்பூர் வாசகர்

பதில்: நெஜம்தாங்க. அவர் பேரு மிகைல் ஷேய்ன், பெரிய பிரபு குடும்பம். ஊரு ஸ்மோலென்ஸ்க், நீப்பர் ஆத்தங்கரை. 1609-ல போலந்து ராஜா மூணாம் சிகிஸ்மண்ட் வந்து வளைச்சப்போ மாஸ்கோவுல அரியணைக்கு அடிதடி, 1610-ல அனுப்பின உதவிப் படையும் வழியில க்ளூஷினோவுலயே தோத்துடுச்சு. இவருக்கு இருந்த ஒரே தெம்பு கோட்டைச் சுவர், சுமார் ஆறரை கிலோமீட்டர், 1602-லதான் கட்டி முடிச்சது. எதிரி சுவருக்கு அடில சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்கப் பார்த்தா, இவரு ஆளுங்க உள்ள இருந்து எதிர்ச் சுரங்கம் தோண்டிப் போய் மண்ணுக்கு அடியிலயே மோதினாங்க, கேட்கவே மூச்சு முட்டுதில்ல? நடுவுல மாஸ்கோ பிரபுக்களே சரணடைஞ்சிடுன்னு ஓலை அனுப்பினாங்க, மனுஷன் அசையல. 20 மாசம். ஸ்கர்விங்கிற சத்துக்குறைவு நோய் வந்து ஜனம் கொத்துக் கொத்தா செத்த பிறகுதான் 1611 ஜூன்ல ஊரு விழுந்துச்சு, இவரைப் பிடிச்சு சித்திரவதை பண்ணி போலந்துக்கு கொண்டு போயிட்டாங்க, 1619 வரைக்கும் சிறைதான்.

கேள்வி: அப்புறம் எதுக்கு வெட்டினாங்க? – அதே வாசகர்

பதில்: விதி பாருங்க, 1632-ல அதே ஸ்மோலென்ஸ்கை மீட்டுட்டு வான்னு இவரைத்தான் அனுப்பினாங்க. பெரிய பீரங்கிங்க வந்து சேரவே மாசக்கணக்குல லேட்டு, இதுக்குள்ள கிரீமியாவோட தாத்தார் இனத்துப் படைங்க தெற்கே கொள்ளை அடிக்க, அந்தப் பக்கத்து வீரருங்க வீட்டைப் பார்க்க ஓடிட்டாங்க. புது போலந்து ராஜா விளாடிஸ்லாவ் வந்து இவரையே வளைச்சுட்டாரு. 1634-ல சரணடைஞ்சு, கொடியை எல்லாம் ராஜா காலடியில வெச்சுட்டு மாஸ்கோ திரும்பினா துரோகி பட்டம். கூட சிறையில இருந்த ஃபிலரேத், அதான் ஜாரோட, ரஷ்ய ராஜாவோட, அப்பா, அவருதான் இவருக்கு பக்கபலம், அவரும் முந்தின வருஷமே செத்துப் போயிட்டாரு. அப்புறம் யாரு பேசுவா? ஏப்ரல்ல தலையை எடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா, பீரங்கியை லேட்டா அனுப்பினவங்களையும் சேர்த்து விசாரிச்சிருக்கணும்.

கேள்வி: நம்ம மெட்ராஸ் பக்கம் இப்படி யாராச்சும்? – அவரேதான், விடமாட்டேங்குறாரு

பதில்: இருக்காரே, பிரெஞ்சு தளபதி லாலி! 1758 டிசம்பர்ல ஜார்ஜ் கோட்டையை வளைச்சாரு, 1759 பிப்ரவரில இங்கிலீஷ் கப்பலுங்க வந்ததும் மூட்டை கட்டிட்டாரு. 1761-ல பாண்டிச்சேரியும் போச்சு. கைதியா இங்கிலாந்து போனவரு, என் மேல வந்த பழியை துடைக்கிறேன்னு தானா பிரான்ஸ் திரும்பிப் போயி, 1766-ல பாரிஸ்ல தலையைக் கொடுத்தாரு. மகன் விடாம அலைஞ்சு, பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் கூட நின்னு, 1778-ல அந்தத் தீர்ப்பை ரத்து பண்ண வெச்சாங்க.