சட்ட ஆலோசனை: காலாவதியான பழைய லைசென்ஸ், புரோக்கர் சொல்வதுபோல் புதிதாக எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. 2004 ஆகஸ்டில் மதுரையில் டூவீலருக்கும் காருக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்தேன். கையால் எழுதிய புத்தக லைசென்ஸ். ஐம்பது வயது வரை செல்லும் என்று நினைத்துப் புரட்டிப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன். 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. கணவர் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் வேலையில் இருக்கிறார். சில மாதங்களில் நானும் போகிறேன். அங்கே லைசென்ஸ் எடுக்க, இங்கே எத்தனை வருடம் லைசென்ஸ் வைத்திருந்தேன் என்பதற்கு அதிகாரப்பூர்வமான கடிதம் வேண்டும் என்கிறார். ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் என் எண்ணைப் போட்டால் பதிவே இல்லை என்று வருகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த புரோக்கர், "பழசைப் பற்றி வாயே திறக்காதீங்க, எல்.எல்.ஆர். போட்டுப் புதுசா எடுத்துடலாம்" என்கிறார். இதற்கிடையில், மூன்று வருடம் முன்பு தெரிந்தவருக்கு விற்ற ஸ்கூட்டருக்கு, ஹெல்மெட் போடவில்லை என்று என் போனுக்கு அபராதச் செய்தி வருகிறது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: சகோதரி, புரோக்கர் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த வழியில் போனால் உங்கள் கையில் புது அட்டை வரும். அதில் முதன்முதலில் உரிமம் வழங்கிய தேதி இந்த வருடத் தேதியாக இருக்கும். 2004 முதல் 2024 வரை உங்களுக்கு இருந்த இருபது வருட உரிமத்தை நீங்களே அழித்துக்கொண்டதாக ஆகிவிடும். ஒன்டாரியோவில் கேட்பதே அந்த இருபது வருடத்தைத்தான். போதாததற்கு, விண்ணப்பத்தில் முன்பு உரிமம் இருந்ததா என்ற விவரத்தையும் கேட்பார்கள். இல்லை என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்த் தகவல். மோசடியாகவோ தவறான தகவல் தந்தோ வாங்கிய உரிமத்தை ரத்து செய்ய, மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவு அதிகாரம் தருகிறது.

முதலில் உங்கள் லைசென்ஸ் ஏன் முடிந்தது என்று பார்ப்போம். நீங்கள் எடுத்த காலத்தில், சொந்த வாகன உரிமம் 20 வருடம் அல்லது 50 வயது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். உங்களுக்கு 20 வருடம் முன்னால் வந்துவிட்டது. உங்களைப் போலவே 'ஐம்பது வயது' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 2019 திருத்தத்துக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. 30 வயதுக்குள் எடுப்பவருக்கு 40 வயது வரை. 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் அல்லது புதுப்பித்தால் 10 வருடம். நீங்கள் இப்போது புதுப்பித்தால் 10 வருடம் கிடைக்கும்.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. முன்பெல்லாம் காலாவதி தேதிக்குப் பிறகும் 30 நாள் உரிமம் உயிரோடு இருக்கும். இப்போது அந்தச் சலுகை கிடையாது. முடிந்த தேதியோடு முடிந்தது. புதுப்பிக்க விண்ணப்பிக்கும் அவகாசமும் மாறிவிட்டது. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம், காலாவதியான பின் ஒரு வருடத்துக்குள்ளும் விண்ணப்பிக்கலாம்; ஆனால் காலாவதியான பின் விண்ணப்பித்தால் புதுப்பிக்கும் நாளிலிருந்துதான் செல்லும். நீங்கள் அந்த ஒரு வருடத்தையும் தாண்டிவிட்டீர்கள். எனவே 15-வது பிரிவின்படி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற்றால்தான் புதுப்பிப்பார்கள். அதுவும் புதுப்பிக்கும் நாளிலிருந்துதான் செல்லும். இடையில் இருக்கும் இடைவெளியை யாராலும் அடைக்க முடியாது. "பின்தேதி போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டிய கடிதத்தை வாங்க, புதுப்பிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காலாவதியான உரிமத்துக்கும் பதிவு இருக்கும். அந்தப் பதிவின் சான்றிட்ட பகுதியைத்தான் 'டி.எல். எக்ஸ்ட்ராக்ட்' என்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, உரிம எண், எந்த வகை வாகனங்களுக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் வரும். சாரதியில் ஓட்டுநர் உரிமச் சேவைகளுக்குள் இதற்குத் தனி விண்ணப்பமே இருக்கிறது. ஆகவே முதல் வேலை எக்ஸ்ட்ராக்ட், புதுப்பிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சாரதியில் பதிவே இல்லை என்று வருவதற்குப் பல நேரம் சாதாரணக் காரணம்தான் இருக்கும். பழைய புத்தகத்தில் எண்ணும் வருடமும் சாய்கோடு போட்டுத் தனித்தனியாக இருக்கும். இணையதளம் கேட்பது வேறு வரிசை: அலுவலகக் குறியீடு, பிறகு வருடம், பிறகு ஏழு இலக்க எண். உதாரணமாக, மதுரை வடக்கு அலுவலகத்தில் 2004-இல் வாங்கிய 1234 என்ற எண் என்றால், டி.என்.59 20040001234 என்று பூஜ்யங்களை நிரப்பிப் போட வேண்டும். பிறந்த தேதி புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். புத்தகத்தில் தப்பாக எழுதியிருந்தாலும் தேடும்போது அதே தப்புத் தேதிதான்.

அப்படியும் வரவில்லை என்றால் உங்கள் பதிவைக் கணினியில் ஏற்றவே இல்லை என்று அர்த்தம். இதற்கு 'பேக்லாக்', அதாவது விடுபட்ட பழைய உரிமத்தைக் கணினியில் ஏற்றும் பதிவு செய்யச் சொல்லி, உரிமம் வழங்கிய அலுவலகத்தின் உரிம அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். பின்னாளில் அலுவலகம் பிரிந்து உங்கள் பகுதி வேறு அலுவலகத்துக்குப் போயிருந்தாலும், பழைய பதிவேட்டைத் தேட வழங்கிய அலுவலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அசல் புத்தகத்தை எடுத்துப் போங்கள், காட்டுங்கள், ஆனால் ஒப்புகை இல்லாமல் கொடுத்துவிட்டு வராதீர்கள். போவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், முத்திரை மங்கிய பக்கம் உட்பட. மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குவது மிக முக்கியம். வாய்மொழியாகக் கேட்டு "ரெக்கார்டு இல்லம்மா" என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பி வந்தவருக்கு, மேலே போய் முறையிட எதுவும் கையில் இருக்காது.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. புத்தகத்தில் அப்பாவின் இனிஷியலோடு உங்கள் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோ விரிந்த அப்பா பெயரோ இருக்கலாம். பதிவேற்றும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடச் சொல்லத் தோன்றும். வேண்டாம். முதலில் பழைய பதிவேட்டில் உள்ளபடியே ஏறட்டும். பிறகு பெயர் மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கணினிப் பதிவும் பதிவேடும் ஒத்துப்போகாது. நாளை வெளிநாட்டிலிருந்து சரிபார்க்கக் கேட்டால் அங்கேதான் சிக்கும்.

மனுவுக்குப் பதிலே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் பதிவேற்றவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவ வழி உண்டு. "இந்த எண், இந்தத் தேதியில் வழங்கிய என் ஓட்டுநர் உரிமம் தொடர்பாகப் பதிவேட்டில் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும், என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும்" என்று ஆவணமாகக் கேளுங்கள். உங்களுடைய சொந்த விவரம் என்பதால், மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலிக்க உத்தரவு கேட்பதுதான் அதில் கோரிக்கையாக இருக்கும். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. எழுத்தில் கேட்டாலே பதிவேடு அலமாரியிலிருந்து இறங்கிவிடும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் 'டிரைவிங் ரெக்கார்டு' என்றால் புள்ளிகள், குற்றங்கள் எல்லாம் இருக்கும் தாள். இங்கே நாடு முழுவதற்குமான புள்ளி முறை நடப்பில் இல்லை. ஆகவே முதலில் உரிமம் வழங்கிய தேதி, வாகன வகைகள், செல்லுபடியான காலம், பதிவுகளின்படி உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படவோ ரத்தாகவோ இல்லை என்ற வரி, இவ்வளவும் ஆங்கிலத்தில், அதிகாரியின் கையெழுத்து முத்திரையோடு வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஒன்டாரியோவில் ஜி1, ஜி2, ஜி என்று படிப்படியாக உரிமம் தருகிறார்கள். முன் அனுபவத்தை நிரூபித்தால் காத்திருக்கும் காலம் குறையும். அங்கே புதிதாகக் குடியேறுபவர் சொந்த நாட்டு உரிமத்தை வைத்து 60 நாள் ஓட்டலாம், ஆனால் அது செல்லுபடியாகும் உரிமமாக இருக்க வேண்டும். உங்கள் காரின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் 'நோ கிளெய்ம்' (இழப்பீடு எதுவும் கேட்கவில்லை என்ற) சான்றும் கேட்டு வாங்கி வையுங்கள். அங்கே காப்பீடு எடுக்கும்போது காட்டிப் பார்க்கலாம்.

எக்ஸ்ட்ராக்ட் கைக்கு வந்த பிறகு புதுப்பிக்கும் வேலை. 40 வயது தாண்டியதால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். புதுப்பிக்க மத்திய விதிப்படி கட்டணம் 200 ரூபாய்தான். தாமதக் கட்டணம், டெஸ்ட் கட்டணம், அட்டைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இணையதளமே கணக்கிட்டுக் காட்டிவிடும். எல்.எல்.ஆர். எடுத்து வரச் சொன்னால் தயங்காமல் எடுங்கள், ஆனால் பழைய உரிம எண்ணோடு இணைத்து எடுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு: எட்டு போட்டுப் பழகுவதற்குக்கூட இப்போது உங்களிடம் உரிமம் இல்லையே! விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். புரோக்கர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், நாளை ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர் பின்னால் போக வேண்டும். தமிழ்நாட்டில் அட்டை விரைவு அஞ்சலில்தான் வருகிறது, எனவே பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகவரியைக் கொடுக்காதீர்கள்.

அதுவரை, தயவுசெய்து வண்டியைத் தொடாதீர்கள். கடைக்குத்தானே, பக்கத்துத் தெருதானே என்று எடுக்க வேண்டாம். 181-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம் என்பது அதில் சின்ன விஷயம். விபத்து நடந்தால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்தாலும் அதை வாகன உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம் என்பது சுவரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. உங்களுக்கே ஏதாவது ஆனால், பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கிடைக்காது. ஓட்டும்போது செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஊரில் இருக்கும் குழந்தைகளை, பெற்றோரை நினைத்தாவது கொஞ்ச நாள் ஆட்டோவில் போங்கள்.

கடைசியாக அந்த ஸ்கூட்டர். விற்றுவிட்டேன், பணமும் வாங்கிவிட்டேன் என்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும் வரை சட்டத்தின் பார்வையில் நீங்கள்தான் உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஹெல்மெட் அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்த ஸ்கூட்டரை வாங்கியவர் வீட்டுச் சிறுவன் யாராவது ஓட்டிப் பிடிபட்டால், 199ஏ பிரிவு உரிமையாளரையும் குற்றவாளியாக்குகிறது: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

அபராதத்தை உடனே கட்டிவிட்டுத் தொல்லை ஒழியட்டும் என்று நினைக்காதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஹெல்மெட் குற்றத்துக்கு 194டி பிரிவில் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் உரிமத் தகுதி இழப்பும் சேர்ந்து வருகிறது. சுத்தமான பதிவைத் தேடி அலையும் நேரத்தில் அது உங்களுக்கு வேண்டாம். இ-செலான் இணையதளத்தின் புகார் பகுதியில், வாங்கியவரின் பெயர், முகவரி, விற்ற தேதி, பணம் வந்த வங்கிப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து ஆட்சேபம் தெரிவியுங்கள். ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் தெரிந்த விவரத்தைச் சொல்வது 133-வது பிரிவின்படி உங்கள் கடமையும்கூட. அதே நாளில், படிவம் 29-இல் விற்பனைத் தகவலைப் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். சட்டம் கொடுத்த 14 நாள் எப்போதோ போய்விட்டது, ஆனாலும் இன்று அனுப்பும் கடிதம் இனி நடப்பவற்றிலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு. வாங்கியவர் தெரிந்தவர் என்கிறீர்கள். ஒருமுறை நேரில் பேசுங்கள், பெயர் மாற்ற 15 நாள் கொடுங்கள். மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தயங்காதீர்கள்.

பயணத்துக்கு முன் டெஸ்ட் தேதி கிடைக்காமல் போனால் கலங்க வேண்டாம். எக்ஸ்ட்ராக்ட்டும் ஸ்கூட்டர் பெயர் மாற்றமும் முடிந்திருந்தால் கிளம்பலாம். ஊருக்கு வரும்போது டெஸ்டுக்குப் போய்க்கொள்ளலாம். எக்ஸ்ட்ராக்ட் வருவதற்குள் கிளம்ப வேண்டி வந்தால், அதை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருவருக்குக் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் உங்கள் பாஸ்போர்ட் நகலும் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பழைய புத்தகத்தை மட்டும் உங்கள் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.