பெக்டனைப் போகவிட்டிருக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்ஸியில், டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். பாலத்தைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. பதினோரு வருடம் இங்கே கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டிவிட்டேன். மகன்தான் அந்த ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஈகிள்ஸ் மீதான பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தான். பதின்மூன்று வயது, வயதுக்கு மீறிய உடம்பு. பள்ளி அணியில் லைன்மேனாக, அதாவது முன்வரிசை ஆளாக நிறுத்தியிருக்கிறார்கள். போன வருடம் அவன் கேட்டது ஈகிள்ஸ் முன்வரிசையில் ஆடிய மெக்காய் பெக்டனின் 77ஆம் எண் ஜெர்ஸி. கடையில் எல்லாரும் நட்சத்திரங்களான பார்க்லி, ஹர்ட்ஸ் என்று வாங்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் அதைத் தேடிப் பிடித்தான்.

இந்த 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தது, அடுத்த மாதமே பெக்டனை விட்டுவிட்டார்கள். "ஜெயித்துக் கொடுத்தவனை ஏன்ப்பா அனுப்பினார்கள்?" என்று கேட்கிறான். "பிசினஸ்" என்று சொன்னேன், அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. உண்மையில் எனக்கும் படவில்லை. அவ்வளவு பலமான ஒரு ஆள் கையில் இருக்கும்போது ஒரு அணி அவரை வைத்துக்கொள்ள வேண்டாமா? பிப்ரவரியில் நீங்கள் சூப்பர் பௌல் பற்றி எழுதிய குறிப்பைப் படித்ததால் கேட்கிறேன்.

எஸ்., நியூ ஜெர்ஸி

அன்புள்ள எஸ்.,

பெக்டனைப் போகவிட்டது சரி என்றே நினைக்கிறேன். இதை மகனிடம் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் சுற்றித்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே இரண்டு ஓரத்திலும் டாக்கிள். சென்டர் பந்தைப் பின்னால் தருவதோடு சரி, மற்ற நால்வரும் பெரும்பாலும் பந்தைத் தொடுவதே இல்லை. பாய்ந்து வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது, அல்லது தள்ளிக்கொண்டு போய் ஓடுகிறவனுக்கு வழி திறப்பது, இவ்வளவுதான் வேலை. ஆட்டம் முடிந்ததும் எல்லார் பெயருக்கு எதிரிலும் ஒரு எண் இருக்கும். இவர்களுக்கு இருக்காது. தவறு செய்தால் மட்டும் நடுவர் மைக்கில் எண்ணைச் சொல்லி அறிவிப்பார்.

என் மருமகன் நியூயார்க் ஜெயன்ட்ஸ் ரசிகர். மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது, "ஒரு கால் மணி நேரம் பந்தையே பார்க்காதீர்கள் மாமா, முன்வரிசையை மட்டும் பாருங்கள்" என்றார். பார்த்தேன். முதலில் மனித மூட்டைகள் மோதிக்கொள்வது போல இருந்தது. அப்புறம் மெல்லப் புரிந்தது. எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் கூட்டம் வடத்தையும் சாமியையும் பார்க்கும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேர் மூலை திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஒருவர் கட்டையைப் பிந்திப் போட்டால் இன்னொருவர் எவ்வளவு சரியாகப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பெக்டன் கதைக்கு வருகிறேன். அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், 2020இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரைப் பதினோராவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஆறடி ஏழு அங்குலம், 364 பவுண்டு, அதாவது 165 கிலோ. அந்த எடையோடு நாற்பது கெஜத்தை 5.1 வினாடியில் ஓடிக் காட்டினார். அதைப் பார்த்த யாருக்கும் ஆசை வரும். ஜெட்ஸ் அவரை இடது டாக்கிளாக நிறுத்தியது. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக், வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கம் அது, அவரால் பார்க்க முடியாத பக்கம். அதனால் வரிசையில் மதிப்பு மிக்க இடம்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. 2021இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. 2022இல் பயிற்சி முகாமில் மறுபடி அதே முழங்கால், பருவம் முழுக்கப் போயிற்று. 165 கிலோவைத் தாங்கும் முழங்கால் சிப்பியைக் கற்பனை செய்து பாருங்கள். என்னுடையது அதில் பாதி எடையைத் தாங்கவே தினமும் முனகுகிறது. 2023இல் திரும்பி வந்து ஆடினார், ஆனால் ஓரத்தில் நிற்பவரைச் சுற்றிக்கொண்டு ஓடும் வேகக்காரர்களைப் பிடிக்க முடியவில்லை. ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்க வேண்டாம் என்று ஜெட்ஸ் முன்பே முடிவெடுத்திருந்தது. உடம்பு பெருத்துவிட்டது, இனி தேறமாட்டார் என்று நியூயார்க்கில் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள்.

2024இல் ஈகிள்ஸ் அவரை எடுத்தது ஒரே ஒரு வருடத்துக்கு. எல்லா ஊக்கத்தொகையும் சேர்த்தால் 55 லட்சம் டாலர் வரை. இந்த உலகத்தில் அது சில்லறைக் காசு. அங்கே முன்வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட், 2013இலிருந்து அதே வேலையில் இருந்த மனிதர். அவர்கள் செய்தது ஒன்றுதான். டாக்கிளாகவே ஆடிவந்தவரை ஓரத்திலிருந்து எடுத்து வலது கார்டாக உள்ளே நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு முதலில் நினைத்திருந்த டைலர் ஸ்டீனுக்குக் கணுக்காலில் அடிபட்டதும் ஒரு காரணம்.

இந்த ஒரு அடி நகர்வில் எல்லாம் மாறிவிட்டது. டாக்கிள் நிற்பது திறந்த வெளி. வெளிப்பக்கம் யாரும் இல்லை, வருகிறவன் எந்தப் பக்கமும் போகலாம், கால் வேகம் வேண்டும். கார்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. இடம் குறுகல், எதிராளி நேராகத்தான் வந்தாக வேண்டும். அந்தச் சந்துக்குள் 165 கிலோ என்பது வேறு விஷயம். ஓரத்தில் சுமையாக இருந்த அதே உடம்பு உள்ளே சுவராகிவிட்டது.

பக்கத்தில் நின்றவர்களையும் கவனியுங்கள். வலப்பக்கம் லேன் ஜான்சன், அந்த வேலையில் பத்து வருடத்துக்கும் மேல் ஊறியவர். இடப்பக்கம் சென்டர் கேம் ஜர்கன்ஸ். அந்தக் கோடியில் ஜோர்டன் மைலாட்டா. சிட்னிக்காரர், ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018இல் 233ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தபோது அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இரண்டு வருடம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார் ஸ்டவுட்லண்ட். டிவியில் வீரர்கள் தங்கள் பெயரையும் படித்த பல்கலைக்கழகத்தையும் சொல்லும் வழக்கம் உண்டு இல்லையா, மைலாட்டா "ஜெஃப் ஸ்டவுட்லண்ட் யூனிவர்சிட்டி" என்பார். அவர் வேடிக்கையாகச் சொல்வதுதான், ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் பெக்டனின் பலம் என்று பார்த்ததில் அவருடையது எவ்வளவு, ஜான்சனுடையது எவ்வளவு, ஸ்டவுட்லண்டுடையது எவ்வளவு? பிரித்துக் காட்ட எந்தத் தராசும் இல்லை. ஆனால் சம்பளம் பேசும்போது முழுப் பலத்துக்கும் விலை சொல்லப்படுவது ஒருவர் பெயரில்.

இதற்கு என் மருமகன் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. சாக்வான் பார்க்லி 2023இல் ஜெயன்ட்ஸுக்கு ஓடியது 962 கெஜம். அந்த அணியின் முன்வரிசை அப்போது ஓட்டை. அடுத்த வருடம் அதே ஆள், அதே கால்கள், ஈகிள்ஸ் வரிசைக்குப் பின்னால் 2,005 கெஜம். இறுதிச் சுற்று ஆட்டங்களையும் சேர்த்தால் 2,504, ஒரு பருவத்தில் யாரும் ஓடியதில் அதுவே அதிகம். மருமகன் இன்னும் அதை ஜீரணிக்கவில்லை, வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஓடுகிறவனுக்கு வரிசை இவ்வளவு செய்யும் என்றால், வரிசையில் ஒருவனுக்கு மற்ற நால்வரும் செய்ய மாட்டார்களா?

சரி, "ஜெயித்துக் கொடுத்தவன்" என்பது. பிப்ரவரி 10, திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். 40-22. அந்த ஆட்டத்தில் பார்க்லியால் 57 கெஜம்தான் ஓட முடிந்தது. எதிரணியான கான்சஸ் சிட்டிக்காரர்கள் அவரை நிறுத்துவதற்கென்றே கூட்டம் சேர்த்தார்கள். ஜெயித்துக் கொடுத்தது ஈகிள்ஸின் தடுப்பு அணி, அதாவது எதிராளி கையில் பந்து இருக்கும்போது ஆடுகிறவர்கள். கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை கீழே சாய்த்தார்கள். அங்கிருந்த ஜோஷ் ஸ்வெட்டும் மில்டன் வில்லியம்ஸும் அன்று ஆடிய ஆட்டத்தை மறக்க முடியாது. அந்த இருவரையும்கூட மார்ச்சில் ஈகிள்ஸ் வைத்துக்கொள்ளவில்லை. வில்லியம்ஸை நியூ இங்கிலாந்து அணி நான்கு வருடத்துக்கு 10.4 கோடி டாலருக்கு அள்ளிக்கொண்டு போனது. ஆக, நன்றிக்கடன் என்று பார்த்தால் பெக்டனுக்கு முன்னால் வரிசையில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

பணக் கணக்கை நீட்ட மாட்டேன். 2025க்கு ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களுக்கு. ஈகிள்ஸின் முன்வரிசையில் இடது கார்டு டிக்கர்சனுக்கு நான்கு வருடத்துக்கு 8.4 கோடி, மைலாட்டாவுக்கு மூன்று வருடத்துக்கு 6.6 கோடி, ஜர்கன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 6.8 கோடி. ஜான்சனின் ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள். ஐந்தில் நான்கு இடம் விலை உயர்ந்தது என்றால் ஐந்தாவது இடம் மலிவாகத்தான் இருந்தாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணி பெக்டனுக்குக் கொடுத்தது இரண்டு வருடத்துக்கு 2 கோடி. ஸ்டீனுக்கு அப்போது முதல் ஒப்பந்தமே ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் ஹோவி ரோஸ்மனுக்கு இதில் யோசிக்க அதிகம் இருந்திருக்காது. பெக்டன் 50, 60 லட்சத்துக்கு இன்னொரு வருடம் இருக்கிறேன் என்றிருந்தால் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பேன். அவர் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? இருபத்தைந்து வயதுக்குள் முழங்காலுக்கு இரண்டு பருவத்தைக் கொடுத்தவர். கை நீட்டும்போது வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் சொன்ன "பிசினஸ்" பதிலில் எனக்கும் ஒரு இடம் உறுத்துகிறது. அணிக்கு இது சரி, பெக்டனின் பைக்கும் சரி. ஆனால் ஊர் முழுக்கக் கைவிட்ட ஒருவனுக்கு ஒரு வாத்தியார் சரியான இடத்தைக் காட்டினார், பத்து மாதத்தில் அந்த வாத்தியாரை விட்டு அவன் போக வேண்டியதாகிவிட்டது. ஈகிள்ஸ் ஒரு கார்டை இழந்தது, அதைச் சமாளித்துவிடும். பெக்டன் அங்கே விட்டுவிட்டுப் போனது பெரிது. லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவும் முன்வரிசையை மதிக்கிற ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் பயிற்சியிலேயே அவர்களுடைய இடது டாக்கிள் ரஷான் ஸ்லேட்டருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து 2025 பருவம் முழுக்கப் போய்விட்டது. வலது ஓரத்தில் இருந்த ஜோ ஆல்ட்டை இடது பக்கத்துக்கு மாற்றுகிறார்கள். பெக்டன் ஆல்ட்டின் தோளோடு தோள் நிற்கப் போகிறார் என்று நினைத்திருந்தோம், இப்போது அதுவும் இல்லை. பெக்டனின் பலம் தனியாக எவ்வளவு என்று இந்த வருடம் ஓரளவு தெரிந்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பயம்.

மகனுக்கு ஒரு வேலை சொல்லுங்கள். ஜெர்ஸியை மடித்து வைக்க வேண்டாம், போட்டுக்கொண்டே உட்காரட்டும். 2025 செப்டம்பர் 4 வியாழக்கிழமை இரவு ஃபிலடெல்ஃபியாவில் டல்லாஸுடன் முதல் ஆட்டம். மறுநாள் சார்ஜர்ஸ் பிரேசிலில், சாவோ பாலோ நகரில், கான்சஸ் சிட்டியுடன் ஆடுகிறது. முதல் நாள் 56ஆம் எண், அதாவது ஜான்சனுக்கு இடப்பக்கம் நிற்கும் ஸ்டீனையும், மறுநாள் பெக்டனையும் மட்டும் பார்க்கட்டும், பந்து எங்கே போனாலும் போகட்டும். லைன்மேனாக நிற்கும் பையன், என் கண்ணுக்குப் படாதது அவன் கண்ணுக்குப் படும். பார்த்ததை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.