அத்தையின் தலையணை

வணக்கம் அக்கா,

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே படுக்கையறை உள்ள வீடு, ஆறு பேர். ஏழாவது ஆள் கானா, மூன்று வயதுக் கடுவன் பூனை. கானாங்கெளுத்தி என்றால் உயிரை விடும், ராத்திரி முழுக்கப் பாடும், அதனால் அந்தப் பெயர். ஏகப்பட்ட சேட்டை, டம்ளரைத் தட்டிவிடும். இரண்டு நாளாக அத்தையின் தலையணையில் கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் போகிறது. அத்தை அதைத் திட்டிய மறுநாள் ஆரம்பித்தது. அது வெளிக்குப் போக வாஷிங் மெஷின் பக்கத்தில் மண் தொட்டி இருக்கிறது, பினாயில் போட்டுத்தான் கழுவுகிறோம். சாப்பாடு உலர்ந்த பாக்கெட் தீனி. காசிமேட்டு மீன் துறைமுகத்தில் விட்டுவிடு என்கிறார் அத்தை, மந்திரித்த கயிறு கட்டலாம் என்கிறார் மாமா. பூனை பழிவாங்குமா அக்கா?

எம்.

அன்புள்ள எம்.,

கடிதம் கிடைத்ததுமே, இன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிப் போங்கள் என்று ஒரு வரி அனுப்பினேன். காரணத்தை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

'சேட்டை' என்ற சொல் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. வீட்டுப் பூனையின் எத்தனையோ நோய்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. டம்ளர் சேட்டைதான், விடுங்கள். தட்டினால் ஆறு பேரும் ஓடி வருகிறீர்கள், அதற்கு வேறென்ன வேண்டும். ராத்திரிப் பாட்டு, விதை எடுக்காத கடுவன் பாடுவது. மூத்திரம் அப்படியல்ல.

எப்படிப் போகிறது என்று யாராவது பார்த்தீர்களா? நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரில் பீய்ச்சினால் எல்லை போடுகிறது என்று அர்த்தம். விதை எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உட்கார்ந்து, மெத்தென்ற துணியில், நாலு சொட்டு மட்டும் விட்டால் அது வலி. நன்றாக இருக்கும் பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை போகும். அடிக்கடி உட்கார்ந்து முக்குவது, கத்துவது, பின்பக்கத்தையே நக்குவது, மூத்திரம் சிவப்பது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கடுவனின் மூத்திரக்குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். சளியும் உப்புத் துகளும் சேர்ந்து அடைத்தால் மூத்திரப்பை கல்லாக இறுகும், பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். முழுதாக அடைத்தால் ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழிந்துபோகலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.

அடைப்பு இல்லாமலே, கிருமியும் இல்லாமலே பை வெறும் பதற்றத்தால் புண்ணாவதுண்டு. அந்த வகையில் அத்தை திட்டியது சம்பந்தமே இல்லாததும் அல்ல. ஆனால் அவரைவிட உங்கள் வாஷிங் மெஷின்தான் பெரிய குற்றவாளி! பாதி வேலையில் உட்கார்ந்திருக்கும்போது மெஷின் சுழன்று அதிர்ந்தால், நீங்கள் மறுபடி அங்கே போவீர்களா? அகலமான துணி அலசும் டப் இரண்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, நைசான மணல் மூன்று விரல் உயரம் போடுங்கள். ஒன்று கட்டிலுக்கு அடியில், இன்னொன்று ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில். காலை மாலை அள்ளிவிட வேண்டும். பினாயில் வேண்டவே வேண்டாம். பூனை அதை மிதித்துப் பாதத்தை நக்கும், உடம்புக்குள் போகும். பிளீச்சிங் பவுடரும் கூடாது, மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சடைக்கும் புகை வரும். டப்பைக் கழுவச் சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும்.

இதையெல்லாம் செய்துவிட்டுத் தண்ணீரை மறந்தால் மறுபடி வேப்பேரிதான். நான்கு கிலோப் பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் உள்ளே போக வேண்டும், உணவில் இருப்பதையும் சேர்த்து. உலர்ந்த பாக்கெட் தீனி 60 கிராமில் 6 மில்லி தேறினாலே அதிகம். பாலைவனப் பூனையின் வம்சம் பாருங்கள், தாகமே சரியாகத் தெரியாது. அதனால் தீனியில் அதே அளவு வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் மெட்ரோ தண்ணீரை ராத்திரியே பிடித்து வையுங்கள். கிண்ணம் அகலமாக இருக்கட்டும், சாப்பாட்டுத் தட்டுக்கும் மண் தொட்டிக்கும் எட்ட இருக்கட்டும். இரண்டு இடத்தில் வையுங்கள். மீனை உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு ஊற்றுங்கள். பச்சையாகப் போட்டால் மத்தி மாதிரி மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைத் தின்றுவிடும். மீன் மட்டுமே கொடுத்தாலும் சத்துக் குறையும், பாக்கெட் தீனியை நிறுத்திவிடாதீர்கள்.

கயிறு பற்றி ஒரே வார்த்தை. பூனை நூலைக் கடித்து விழுங்கினால் குடல் சுருக்குப் பை மாதிரி சுருண்டுகொள்ளும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். காசிமேடா? மூத்திரம் அடைத்த பூனையைத் துறைமுகத்தில் விடுவதற்குப் பெயர் கொலை. வளர்த்த மிருகத்தைக் கைவிடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டப்படியும் குற்றம்.

அத்தையின் கோபம் மட்டும் நியாயமானது. அவருக்குப் புதுத் தலையணை ஒன்று வாங்கிக் கொடுங்கள். பஞ்சுக்குள் இறங்கிய நாற்றம் லேசில் போகாது, அந்த வாடை இருக்கும்வரை கானா தேடி வந்து அங்கேதான் உட்காரும்.