சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயில் பாதையிலேயே மெட்ரோவை ஓட்ட முடியாதா?

"தண்டவாளம் இருக்கு, மேலே கம்பி இருக்கு, ஸ்டேஷன் இருக்கு. அதிலேயே மெட்ரோவை விட்டால் பல்லாயிரம் கோடி மிச்சமாகுமே, ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தொனியைப் பார்த்தால் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து தினமும் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர் என்று தோன்றுகிறது.

மெட்ரோ வண்டியை அதில் விட முடியாது. ஆனால் அந்தப் பாதையை மெட்ரோ போல ஓட்ட முடியும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் எப்போதும் சண்டையில் முடிகிறது.

மின்சாரம் இங்கே பிரச்சினையே இல்லை. சென்னை மெட்ரோவும் 25 கிலோவோல்ட், மின்சார ரயிலும் 25 கிலோவோல்ட். மின்சாரம் வேறாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். சியோலில் 1974-லிருந்து முதல் வழித்தடத்து வண்டிகள் சுரங்கத்தில் 1,500 வோல்ட் டிசியிலும், வெளியே தேசிய ரயில் பாதையில் 25 கிலோவோல்ட் ஏசியிலும் ஓடுகின்றன. நடுவில் மின்சாரம் இல்லாத ஒரு துண்டை உருண்டே கடந்துவிடுகின்றன.

சிக்கல் கேஜில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில். மெட்ரோ 1,435 மி.மீ. கேஜ், ரயில்வே 1,676. "மூன்றாவது தண்டவாளம் போட்டால் போச்சு" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார், தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் 241 மி.மீ. என்பதால் போட இடமிருக்கிறது. ஆனால் வண்டியின் நடுக்கோடு 12 செ.மீ. ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். மெட்ரோ பெட்டியின் அகலம் 2.9 மீட்டர்தான். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பக்கம் 10 செ.மீ., மறுபக்கம் 34 செ.மீ. சந்து விழும். 34 செ.மீ. சந்தில் குழந்தையே விழுந்துவிடும். வண்டி தடம் மாறும் ஒவ்வொரு பாயிண்டும் இரட்டைச் சிக்கலாகும் என்பது தனி.

பலர் கவனிக்காத விஷயம் பிளாட்பார விளிம்புதான். அது தண்டவாள நடுக்கோட்டிலிருந்து 1,670 முதல் 1,680 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், உயரம் 760 முதல் 840 மி.மீ. என்பது ரயில்வே விதி. மின்சார ரயில் பெட்டியின் அகலம் 3,660. அதில் பாதி 1,830. அதாவது பெட்டி பிளாட்பாரத்துக்கு மேலே 15 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது இடிக்காமல் நிற்பதே பெட்டியின் தளம் பிளாட்பாரத்தைவிட முக்கால் முழத்துக்கு மேல் உயரத்தில் இருப்பதால்தான். "மெட்ரோ மாதிரி சமமாக ஆக்குங்கள்" என்றால் பிளாட்பாரத்தை உயர்த்தினால் மட்டும் போதாது. விளிம்பைச் சுமார் 20 செ.மீ. பின்னால் வெட்டவும் வேண்டும். வெட்டிவிட்டால் அதே பிளாட்பாரத்தில் 3.25 மீட்டர் அகல எக்ஸ்பிரஸ் நிற்கும்போது ஒரு சாண் சந்து விழும். அதனால்தான் மும்பையில்கூட 900, 920 மி.மீ. வரை உயர்த்தி அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆக, எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் ஒருபோதும் நுழையாத இரண்டு பாதைகளை முதலில் பிரித்துக் கொடுக்க வேண்டும். எழும்பூர்–தாம்பரம் இடையே நான்கு பாதை இருப்பதால் பெயரளவில் அது பிரிந்துதான் இருக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே மூன்றே பாதை, அங்கே எல்லாம் கலந்துவிடும். பிரிந்திருக்கும் இடத்திலும் வண்டிகள் தரைமட்டத்திலேயே குறுக்கே கடக்கின்றன. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் 580 மீட்டர் இருக்கும். 30 கி.மீ. வேகத்தில், ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கிராஸ் ஓவரைக் கடந்து முடிக்க ஒன்றரை நிமிடம். பாதை அமைக்க, பூட்ட, விடுவிக்க என்று சேர்த்தால் மூன்று நிமிடம். ஒரு லோக்கல் வண்டியின் இடம் அதிலேயே போயிற்று. இதற்கு மருந்து ரயில் மேல் ரயில் போகும் மேம்பாலம் மட்டுமே. அட்டவணையைத் திருத்தி எவ்வளவு சமாளித்தாலும், ஒரு எக்ஸ்பிரஸ் தாமதமாக வரும் அன்று எல்லாம் கலைந்துவிடும்.

அடுத்தது சிக்னல். நான்கு நிற ஆட்டோமேட்டிக் சிக்னல், கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வண்டி பச்சையிலேயே வர வேண்டுமென்றால் முன்னால் 3 கி.மீ., அதற்கு மேல் பாதுகாப்புக்காக விடும் 120 மீட்டர் ஓவர்லாப், முன்வண்டியின் நீளம் 250 மீட்டர், மொத்தம் சுமார் 3.4 கி.மீ. காலியாக இருக்க வேண்டும். நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 36 கி.மீ. என்றால் இடைவெளி ஐந்தரை நிமிடத்துக்கு மேல். சிக்னல்களை 500 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கினால் மூன்று நிமிடத்துக்கு வந்துவிடும். ஒரு புதுத் தண்டவாளம்கூடப் போடாமல் கொள்ளளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாவது இந்த ஒரு வேலையில்தான். சிவப்பில் ஒரு நிமிடம் நின்று, பிறகு ஊர்ந்து போகலாம் என்கிற ஆட்டோமேட்டிக் விதிதான் நெரிசல் நேரத்தில் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஓட்டுநர் பெட்டிக்கே வேக அனுமதி வந்துவிடும் முறை வந்தால் அதுவும் போகும்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் கடைசி நிலையத்தில் திருப்ப வேண்டுமே? 250 மீட்டர் வண்டி 15 கி.மீ. வேகப் பாயிண்டில் முழுதாக ஏறி இறங்க 80 விநாடிக்கு மேல் ஆகும். அதை 30 கி.மீ. பாயிண்டாக மாற்றினால் பாதி. ஓட்டுநர் ஒரு முனையில் இறங்கி மறுமுனைக்கு நடக்க மூன்று, நான்கு நிமிடம். எதிர்முனையில் வேறொரு ஓட்டுநரைத் தயாராக நிறுத்தி, முந்தையவர் அடுத்த வண்டியை எடுக்கும்படி முறை வைத்தால் அதுவும் மிச்சம். பல கோடிக்குப் பதில் சில ஓட்டுநர் பணியிடங்களில் முடிகிற காரியம் இது.

லெவல் கிராசிங் எதுவுமே இருக்கக் கூடாது. இரு திசையிலும் மணிக்கு 20 வண்டி என்றால் 40 தடவை மூடல். தடவைக்கு இரண்டு நிமிடம் வைத்தால்கூட 80 நிமிடம். மணிக்கு 60 தான் இருக்கிறது!

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? 2025 ஏப்ரலில் வந்த 12 பெட்டி குளிர்சாதன மின்சார ரயிலின் கொள்ளளவு சுமார் 4,900 பேர். ஆறு நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே ஒரு திசையில் மணிக்கு 49,000. நான்கு பெட்டி மெட்ரோவில் 1,276 பேர். மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் 25,500. நின்றுகொண்டு வருபவர்களை எண்ணும் முறை இரண்டிலும் ஒன்றல்ல என்று திருத்த வருபவர்களுக்கு: ஆமாம், கால்பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் ரயில்தான் முன்னால். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயிலே இல்லாத பூந்தமல்லிக்கு மெட்ரோ வேண்டும்தான்.

இங்கே ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "சீனாக்காரன் ஒன்பது மணி நேரத்தில் ரயில் நிலையம் கட்டினான்" என்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2018 ஜனவரியில் லாங்யானில் நடந்தது பழைய நிலையத்தில் புதுப் பாதையை இணைக்கும் வேலை. 1,500 பேர், எல்லாச் சாமானும் முன்கூட்டியே தயார். அதே மாதிரி வேலை நம் ஊரிலும் நடக்கிறது. மும்பை பக்கத்துத் தானே–திவா ஐந்தாம், ஆறாம் பாதைக்கு 2022 பிப்ரவரியில் 72 மணி நேரம் பிளாக் எடுத்து, அதாவது வண்டிகளை நிறுத்தி, முடித்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2008-ல். காலம் போவது நிலம், குடியிருப்பு, பாலம், ஓடும் பாதையில் கிடைக்கும் சில மணி நேர இரவு பிளாக் இவற்றில்தான். அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

நம் கண்முன் உதாரணம் வேண்டுமா? பீச்–எழும்பூர் நான்காவது பாதை, நாலே கால் கி.மீ. அதற்காக, பீச்சிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். பதினான்கு மாதம்.

பறக்கும் ரயிலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது 1995-லேயே வந்த தனிப் பாதை. குறுக்கே எக்ஸ்பிரஸ் கிடையாது, கேட் கிடையாது. இருந்தும் வண்டி எப்போதாவது ஒன்று, நிலையமோ கல்யாண மண்டபம் மாதிரி காலியாக. 2007-ல் வேளச்சேரி வரை வந்தது, அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. தான். அதில் ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலச் சிக்கலில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தது. தனித் தண்டவாளம் கிடைத்தும் அடிக்கடி வண்டி விடாவிட்டால், அடுத்த ரயிலோடு இணைக்காவிட்டால் இதுதான் கதி. அதை மெட்ரோ நிறுவனத்திடம் கொடுக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே தூண்களும் பிளாட்பாரமும் தனியாகவே இருப்பதால், மேலே சொன்ன விளிம்பு வெட்டும் வேலையைச் செய்து பார்க்க அதுதான் சரியான இடம்.

உங்கள் பாதையில் முதலில் கேட்க வேண்டியது மாம்பலம். வண்டி இடைவெளியைத் தீர்மானிப்பது மிக அதிக நேரம் நிற்கும் நிலையம்தான். அங்கே நடைமேம்பாலப் படி இறங்கும் இடத்துக்கு எதிரே உள்ள இரண்டு மூன்று பெட்டிகளில் எல்லோரும் முண்டுவதால், மற்ற பெட்டிகள் தயாராக இருந்தும் வண்டி நிற்கிறது. பிளாட்பார நீளத்தில் பரவலாக இன்னும் இரண்டு படிக்கட்டு. அதற்கு டெண்டர் வருகிறதா என்று பாருங்கள்.