தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு இடமில்லை என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி, அரசாங்கத்தின் பகுதி உதவி பெறும் பள்ளி. கற்றல் குறைபாடும் நடக்கச் சிரமமும் உள்ள பிள்ளையை "இங்கே வசதி இல்லை, டவுன் பள்ளியில் சேருங்கள்" என்கிறார்கள். இது சட்டப்படி சரியா? எதைத் திருத்தினால் மாறும்?

பதில்:

சரி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் தவறு என்று சொல்லும் சட்டத்துக்குப் பல் இல்லை.

2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (சட்டம் 685) 28-ஆம் பிரிவு, குறைபாட்டைக் காட்டி எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. கட்டடம், கருவி, பாடமுறை எல்லாவற்றிலும் ஏற்ற வசதி செய்து தரவும் சொல்கிறது. மீறினால் அபராதம் கிடையாது. போதாததற்கு, நல்லெண்ணத்தில் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாதபடி 41-ஆம் பிரிவு காவல் நிற்கிறது.

1996 கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவோ, பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது; இரண்டும்கூட விதிக்கலாம். அனுப்பாதவருக்குச் சிறை, சேர்க்காதவருக்கு ஒன்றுமில்லை! அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு, சிறப்புக் கல்வியை எந்தப் பள்ளியில் நடத்துவது என்பதை அமைச்சரின் உசிதத்துக்கு விட்டுவிடுகிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காகக் கல்வி அமைச்சு 2019-இல் கொண்டுவந்த 'யாரையும் மறுக்காதே' கொள்கை நல்லதுதான், ஆனால் கொள்கை சட்டமாகாது.

பகுதி உதவிப் பள்ளிக்கு இதற்கு மேல் ஒரு முடிச்சு உண்டு: நிலம். அது அரசாங்கத்துடையது அல்ல, உங்களைப் போன்ற இடங்களில் தோட்டத்துடையது. உங்கள் பள்ளி வராந்தா மூன்று படி உயரம், சுமார் 45 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு மலேசியத் தரநிலை 1:12, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அதாவது 5.4 மீட்டர் நீளம், அதற்கு மேல் தலைப்பிலும் அடியிலும் திரும்ப இடம். அந்த நீளம் தோட்ட நிலத்தில்தான் போய் விழும். நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் சிமெண்டு கொட்ட முடியாது. ஆசிரியர் மனம் இருந்தும் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளி வாரியம் முதலில் அந்தச் சம்மதக் கடிதத்தை வாங்கட்டும். மானியத்துக்கு மனுப் போடுவது அப்புறம்.

பெற்றோர் செய்ய வேண்டியது: பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே மருத்துவ அறிக்கைக்கு அலைய ஆரம்பியுங்கள், நிபுணரைப் பார்க்கக் காத்திருப்பு நீளும். அறிக்கையில் 'கற்றல் குறைபாடு' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. தானே சாப்பிடுமா, கழிப்பறைக்குப் போகுமா, சொல்வதைப் புரிந்துகொள்ளுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எந்த வகுப்பில் வைப்பது என்று முடிவெடுக்க அதுதான் உதவும். சமூக நல இலாகாவில் ஓகேயு கார்டுக்கும் (மாற்றுத்திறனாளி அட்டை) பதிந்துவிடுங்கள். பிறகு விண்ணப்பத்தைப் பள்ளிக்கூட அலுவலகத்தோடு நிறுத்தாமல், மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்விப் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. "மறுக்கும் காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டாலே பாதி இடங்களில் பேச்சு மாறும்.

சேர்ந்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. 2013 சிறப்புக் கல்வி விதிமுறைகள், அரசாங்கப் பள்ளியானாலும் உதவி பெறும் பள்ளியானாலும், மூன்று மாதம் வரை சோதனைக் காலம் வைக்க வழி செய்கின்றன. அந்த நாட்களில் பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வாரம் ஒரு தடவை முன்னேற்றத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். கையில் குறிப்பு இல்லாத பெற்றோரிடம் "பொருந்தவில்லை" என்று சொல்லி அனுப்புவது சுலபம். சிறப்புக் கல்வி மாணவருக்கான மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் பற்றியும் கேளுங்கள்.

திருத்தம் என்றால் என் கணக்கில் முதலிடம் 40-ஆம் பிரிவுக்கு. 'உசிதம்போல்' என்பது கடமையாக மாற வேண்டும்; மறுப்பை எழுத்தில், இத்தனை நாளுக்குள் என்று கெடு வைத்துத் தர வேண்டும்; அதை விசாரிக்கக் கல்வி அமைச்சுக்கு வெளியே ஒரு மேல்முறையீட்டுக் குழு வேண்டும். சோதனைக் காலத்தை எடுத்துவிடலாம், சாதாரணப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இல்லையே. சட்டம் 685-க்குத் தண்டனைப் பிரிவு கேட்பவர்கள் நிறைய. நானும் கேட்பேன், ஆனால் அபராதம் தலைமையாசிரியர் தலையில் விழுந்தால் பயனில்லை. சாய்தளத்துக்குப் பணமும் நிலமும் அவர் கையில் இல்லை.