பதில்: பழைய வண்ணாரப்பேட்டை வீடு, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

தம்பி, 45 லட்சத்துக்குப் பேசியிருக்கிற அந்த வீட்டுக்குக் கேட்கிற 2 லட்சம் அட்வான்ஸை இப்போ கொடுத்துடாதீங்க. 30 வருஷ வில்லங்கத்துல ஒண்ணுமில்லைன்னு புரோக்கர் சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா வில்லங்கச் சான்றுல (சொத்து மேல நடந்த விற்பனை, அடமானத்தைக் காட்டுற சான்று) பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். அப்பா இறந்துட்டார், மகன் விக்கிறார்னு எழுதியிருக்கீங்களே, சிக்கலே அங்கதான். உயில் எழுதாம இறந்திருந்தா, இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோட இருந்தா இறந்தவரோட அம்மா, எல்லாருக்கும் பங்கு உண்டு. அந்தப் பேரெல்லாம் வில்லங்கத்துல தெரியாது.

ராயபுரத்துல நாங்க வாங்கினப்போ பத்திரமே டைப் ஆகிடுச்சு. விக்கிறவர் வீட்டுச் சுவத்துல இருந்த கல்யாண போட்டோவைப் பார்த்து எங்கம்மா, "இந்தப் பொண்ணு யாருப்பா?"ன்னு கேட்டாங்க. எருக்கஞ்சேரியில கட்டிக்கொடுத்த தங்கச்சியாம். பத்திரத்துல அவங்க பேரே இல்ல! கையெழுத்து வாங்க நாலு மாசம் ஆச்சு.

அதனால முதல்ல தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேளுங்க. அதுல உள்ள எல்லாரும் கையெழுத்துப் போடணும், இல்லேன்னா தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணித் தரணும். மூலப்பத்திரம், அதாவது சொத்து அவங்களுக்கு எப்படி வந்ததுன்னு காட்டுற பழைய பத்திரம், அசலா பாருங்க. ஜெராக்ஸ் மட்டும் காட்டினா எங்கேயாவது அடகுல இருக்கலாம். பட்டா யார் பேர்ல இருக்குன்னும் பாருங்க. இதெல்லாம் வக்கீல் பார்த்தப்புறம், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணி, அட்வான்ஸை பேங்க் வழியா கொடுங்க.

இன்னொண்ணு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 45 லட்சத்துக்கு 4.05 லட்சம். அதைக் கைக்காசுல தனியா எடுத்து வைங்க.

வாரிசுச் சான்று வந்ததும் எத்தனை பேர் இருக்காங்கன்னு இங்கேயே எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.